டிஎன்ஏ கம்ப்யூட்டரில் நிபந்தனையை எழுதுவது யார்?

பாலக்கோட்டில் இருந்து எம்.எஸ்சி. படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டிஎன்ஏவை வைத்தே கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். உயிருக்கு ஆதாரமான ஒன்றை இயந்திரமாக்குவது சரியா? இதில் அறம், தத்துவம் என்று பேச உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது தம்பி, நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமாகவே இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பிசிஆர் மெஷினோடு, அதாவது டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பல மடங்கு பெருக்கும் மெஷினோடு, வேலை பார்க்கிறவன். டிஎன்ஏ கம்ப்யூட்டிங் கட்டுரைகளை மாணவனாக இருந்த காலத்திலிருந்தே விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை இயந்திரமாக்குகிறோமா என்ற கேள்வியில் பெரிய ஆபத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. "இது இப்படி இருந்தால் அதைச் செய்" என்று ஒரு நிபந்தனையை எழுதி, அதைக் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுக்குள் வைத்து, அந்த மூலக்கூறை ஒரு மனிதனின் உடம்புக்குள்ளோ குடும்பத்துக்குள்ளோ அனுப்புகிறோமே, பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நிபந்தனையை எழுதியவர் யார், நடுவில் நிறுத்த யாரால் முடியும், தப்பாகப் போனால் யார் பதில் சொல்வது?

இது புரிய வேண்டும் என்றால் 1994ல் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். லியனார்ட் ஏடல்மேன், அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியர். ஆர்எஸ்ஏ குறியாக்க முறையின் பெயரில் வரும் 'ஏ' அவர்தான். உயிரியல் கற்றுக்கொள்ளலாம் என்று பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவருக்கு பாலிமரேஸ் என்ற நொதி வேலை செய்யும் விதம் வியப்பாக இருந்தது. ஒரு இழையை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே போய் எதிர் இழையை எழுதுகிறது. 1936ல் ஆலன் டூரிங் காகிதத்தில் கற்பனை செய்த இயந்திரமும் ஏறக்குறைய இதைத்தான் செய்தது, நாடாவைப் படித்து நாடாவில் எழுதியது. அப்படியென்றால் இதை வைத்துக் கணக்குப் போடலாமே என்று ஏடல்மேன் யோசித்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு இது: ஏழு ஊர், அவற்றுக்கு நடுவில் 14 ஒருவழிப் பாதைகள். குறிப்பிட்ட ஊரில் கிளம்பி, எல்லா ஊரையும் ஒரே ஒரு முறை தொட்டு, குறிப்பிட்ட ஊரில் முடிக்க ஒரு வழி உண்டா? ஒவ்வொரு ஊருக்கும் 20 எழுத்து நீளத்தில் ஒரு டிஎன்ஏ இழை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு இழை, அதில் பாதி கிளம்பும் ஊரின் பின்பாதியோடும் மீதிப் பாதி சேரும் ஊரின் முன்பாதியோடும் தொடர்புடையது. ஏ எழுத்து டி எழுத்தோடும், ஜி எழுத்து சி எழுத்தோடும் பொத்தானும் காஜாவும் போலப் பொருந்தும், மற்றபடி பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரு சின்னக் குழாயில் போட்டுக் கலக்கினால் கோடிக்கணக்கான இழைகள் ஒரே சமயத்தில் ஒட்டி, சாத்தியமான வழிகள் எல்லாம் தாமாகவே உருவாகிவிடும். அப்புறம் பிசிஆர் போட்டு, ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரித்து, 140 எழுத்து நீளம் உள்ளவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு ஊரும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியதுதான் விடை.

இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இழைகள் ஒட்டிக்கொண்டது சில நொடிகளில் முடிந்துவிட்டது. விடையை வெளியே எடுக்க ஏழு நாள் ஆனது. அப்படியானால் கணக்கு எப்போது நடந்தது? முதல் நொடியிலேயே விடை குழாய்க்குள் இருந்தது, ஆனால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத விடையை விடை என்று சொல்லலாமா? அதே குழாயை எந்த இழை எந்த ஊர் என்ற அட்டவணை இல்லாத இன்னொருவர் கையில் கொடுத்தால் அவருக்கு அது வெறும் உப்புத் தண்ணீர். எவ்வளவு நாள் சலித்தாலும் அவரால் அதில் ஒரு ஊரையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கல்லைக்கூட ஏதாவது ஒரு விளக்கத்தின்படி கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடலாமா என்று தத்துவக்காரர்கள் நெடுநாளாகச் சண்டை போடுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன், ஏனென்றால் டிஎன்ஏ குழாயில் உண்மையிலேயே ஒழுங்கான வேலை நடக்கிறது, கல்லில் நடப்பதில்லை. ஆனாலும் அந்த வேலைக்கு "இது சேலம், இது ஓமலூர்" என்று அர்த்தம் கொடுத்தது மனிதன்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, காரணம் கீழே வருகிறது.

சரி, உயிரை இயந்திரமாக்குவது பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். ஏடல்மேன் பயன்படுத்திய இழைகள் எந்த உயிரிலிருந்தும் எடுத்தவை இல்லை. மெஷினில் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துச் செய்தவை, எழுத்து வரிசையும் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தது. நம் மரபில் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று வைத்து மேலே மேலே வரிசைப்படுத்துவார்கள், தொட்டால் உணர்வதுதான் அதில் முதல் படி. குழாயில் மிதக்கும் ஒரு டிஎன்ஏ துண்டு அந்த முதல் படிக்குக்கூட வராது. அது உணராது, வளராது, தானாகப் பெருகாது. அதை வைத்துக் கணக்குப் போடுவதில் உயிருக்கு அவமரியாதை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. உயிருள்ள செல்லுக்குள் எழுதுவது வேறு கதை. 2017ல் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ஜார்ஜ் சர்ச்சின் குழு, குதிரை ஓடும் ஒரு பழைய அசைபடத்தை ஈ.கோலை பாக்டீரியாவின் மரபுக்குள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி மூலம் எழுதி, பிறகு திரும்பப் படித்துக் காட்டியது. பாக்டீரியா பெருகும்போது அந்தப் படமும் சந்ததிக்குப் போகும். பாக்டீரியாவுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பிறக்கப்போகிறவர்களின் உடம்பில் முன்னோர் ஒருவர் எழுதிவிட்டுப் போவது என்ற வழி அங்கே திறக்கிறது, மனிதனிடம் அது வரவே கூடாது என்பது என் உறுதியான நிலை.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது, இதை யாரும் போதுமான அளவு சொல்வதாகத் தெரியவில்லை. டிஎன்ஏ என்றால் விதி, ரத்தத்தில் எழுதியது, மாறாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டிஎன்ஏ கம்ப்யூட்டிங் அந்த எண்ணத்தை உடைக்கிறது. அதே நாலு எழுத்துதான் ஏழு ஊருக்கு வழி காட்டியது. அதே நாலு எழுத்தில் 2012ல் ஒரு முழுப் புத்தகத்தை எழுதி வைத்தார்கள். 2011ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லுலு சியனும் எரிக் வின்ஃப்ரீயும் அதே எழுத்தில் வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் சுற்று செய்தார்கள், 2018ல் சியனின் குழு கையால் எழுதிய எண்களை அடையாளம் காணவும் வைத்தது. ஆக, எழுத்தைச் சுற்றி இருக்கும் நொதியும் செல்லும் சூழலும் வாசிக்கிற ஆளும் சேர்ந்துதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறார்கள். தனியாக விட்டால் அது சர்க்கரையும் பாஸ்பேட்டும் நாலு வகைக் காரமும் கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான்.

இதை நம் மாவட்டத்தில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. "ரத்தம்" என்ற பேச்சு எங்கே கொண்டு போய் விடும் என்று நமக்குத் தெரியும். 2012 நவம்பரில் சாதி மாறிய ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி தருமபுரி பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் தலித் காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. இன்றைக்கு அதே பேச்சு "எங்கள் ஜீன்", "எங்கள் டிஎன்ஏ" என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது, படித்த பையன்களே அப்படிப் பேசுகிறார்கள். மரபணு ஆய்வு சொல்வதோ நேர்மாறானது. 2013ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, சுமார் 4,200 முதல் 1,900 வருடங்களுக்கு முன்பு வரை இந்த நாட்டில் வெவ்வேறு மக்கள் பரவலாகக் கலந்தார்கள், ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் அந்தக் கலப்பு இருக்கிறது, உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொள்வது இறுகியது அதற்குப் பிறகுதான். தூய ரத்தம் என்று எதுவும் கிடையாது. "உயிர் என்பது ஒரு புரோகிராம்" என்ற வாசகத்தை டிஎன்ஏ கம்ப்யூட்டிங் பாடத்தில் நிறையக் கேட்பீர்கள். வகுப்பில் அது சௌகரியமான வாசகம், வெளியே வந்தால் ஆபத்தானது, அதைச் சொல்லும்போது மேலே நான் எழுதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான இடம்.

டிஎன்ஏ கம்ப்யூட்டர் சிலிக்கானை வேகத்தில் ஜெயிக்கும் என்ற கனவு சீக்கிரமே போய்விட்டது. 1995லேயே யூரிஸ் ஹார்ட்மானிஸ் என்ற கணினி விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார்: ஏழு ஊருக்குப் பதில் 200 ஊர் என்றால், ஏடல்மேன் வழியில் செய்யத் தேவைப்படும் டிஎன்ஏவின் எடை பூமியின் எடையைத் தாண்டிவிடும். டிஎன்ஏ வந்தால் உலகத்தில் உள்ள ரகசியக் குறியீடெல்லாம் உடைந்துவிடும் என்ற பயமும் அப்போது இருந்தது. டெஸ் என்ற குறியாக்கத்தை உடைக்க ஒரு டிஎன்ஏ திட்டமே எழுதினார்கள், ஆனால் 1998ல் அதை 56 மணி நேரத்தில் உடைத்தது அதற்கென்றே செய்த ஒரு மின்னணு மெஷின்தான். ஆகவே பேங்க் பாஸ்வேர்டு பற்றிய கவலையை இந்த விஷயத்தில் விட்டுவிடலாம்.

டிஎன்ஏ கம்ப்யூட்டரின் உண்மையான பலம், சிலிக்கான் சிப் நுழைய முடியாத இடத்துக்கு அது நுழையும் என்பது. அதாவது உடம்பு. 2004ல் இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனத்தில் எஹுட் ஷபீரோவின் குழு, சோதனைக் குழாய்க்குள் ஒரு மூலக்கூறு மருத்துவரைச் செய்தது என்றே சொல்லலாம். புராஸ்டேட் புற்றுநோய் மாதிரியில் இரண்டு ஜீன்களின் செயல்பாடு குறைந்து, இரண்டு ஜீன்களின் செயல்பாடு கூடியிருக்கிறதா என்று அது வரிசையாகச் சோதிக்கும், நாலும் ஒத்துவந்தால் மருந்தாக வேலை செய்யும் ஒரு டிஎன்ஏ துண்டை அவிழ்த்துவிடும். 2014ல் இஸ்ரேலில் இன்னொரு குழு கரப்பான்பூச்சிக்குள் டிஎன்ஏவை மடித்துச் செய்த நுண் ரோபோக்களைச் செலுத்தி, அவை ஒன்றோடொன்று கணக்குப் பார்த்து உள்ளே வைத்த மூலக்கூறைத் திறந்து காட்டச் செய்தது. 2018ல் சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மடித்த டிஎன்ஏவுக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை அடைத்து, கட்டியின் ரத்தக் குழாயில் மட்டும் திறக்கும்படி செய்து எலிகளில் கட்டிகளைச் சுருக்கிக் காட்டினார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். கீமோதெரபி எடுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், முடி கொட்டி, வாய் புண்ணாகி, ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறார்கள். நோயுள்ள செல்லில் மட்டும் மருந்து திறக்கும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் 2004 வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். வேதியியலில் எல்லா மூலக்கூறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சோதனையில் பாஸ் ஆக வேண்டிய சில இழைகள் ஃபெயில் ஆகும், ஃபெயில் ஆக வேண்டியவை சில பாஸ் ஆகும். இது பிசிஆர் வேலை செய்கிற யாருக்கும் தெரிந்ததுதான், எதுவும் வரக் கூடாத கன்ட்ரோல் குழாயிலும் சில சமயம் வரி வந்து தொலையும். அதனால் அந்தக் குழு இரண்டு வகை மூலக்கூறுகளைச் சேர்த்தே போட்டது. ஒன்று நோய் உண்டு என்று கண்டால் மருந்தை அவிழ்க்கும், மற்றொன்று நோய் இல்லை என்று கண்டால் மருந்தை அடக்கும் துண்டை அவிழ்க்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து, எவ்வளவு உறுதி இருந்தால் மருந்து வேலை செய்யும் என்பது மாறும். அந்த விகிதம் இருக்கிறதே, அது ஒரு அறத் தீர்ப்பு. நோயில்லாத செல் கொஞ்சம் செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு பக்கம் சாய்க்கலாம், நோயுள்ள செல் தப்பினாலும் பரவாயில்லை என்று மறுபக்கமும் சாய்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது மைக்ரோலிட்டர் கணக்கு மாதிரி இருக்கும், பைப்பட்டைப் பிடித்திருப்பவர் எடுத்த முடிவாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

சாதாரண மருத்துவத்திலும் இப்படிப்பட்ட முடிவு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அங்கே டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார், "ஏம்மா, போன மாசமும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்கிறார், மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார். மூலக்கூறுக்குள் போட்ட நிபந்தனை யாரையும் எதுவும் கேட்காது. இரத்தத்தில் போன பிறகு கூப்பிட்டு நிறுத்த முடியாது, அதற்கென்று ஒரு நிறுத்தும் மருந்தையும் சேர்த்து வடிவமைத்திருந்தால் ஒழிய. என்னைக் கேட்டால், நிறுத்தும் வழி இல்லாமல் செய்த எந்த டிஎன்ஏ கருவியையும் மனித உடம்புக்குள் அனுமதிக்கவே கூடாது, அது எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, "இயல்பு" என்ற அளவை எங்கிருந்து எடுக்கிறோம்? ஒரு ஜீன் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்றால் எதை ஒப்பிட்டு? தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல கிராமங்களில் பிள்ளைகளின் பல் பழுப்பேறி இருந்ததை அந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். இயல்பு என்பது ஊருக்கு ஊர் அப்படி மாறிப்போகும். வேறு நாட்டு நோயாளிகளின் மாதிரியை வைத்து எல்லை போட்ட ஒரு மூலக்கூறு பென்னாகரத்துக்காரர் உடம்பில் எதை நோய் என்று முடிவு செய்யும்? ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது எழுத்து வரிசையை மட்டும் படித்தால் தெரியாது, தண்ணீரும் சாப்பாடும் வயதும் சேர்ந்தது அது.

நம் ஊருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். ஏடல்மேன் கட்டுரை வந்த அதே 1994ல்தான் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று 1992ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் வந்தது, அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. ஸ்கேன் என்பது தாயையும் குழந்தையையும் காப்பாற்ற வந்த கருவி, ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதே கருவி "பெண்" என்ற ஒற்றை விடையைச் சொன்னவுடன் இங்கே வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு மெஷின் சொல்லும் விடை ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அந்த வீட்டின் நிபந்தனையோடு சேர்ந்துகொள்கிறது. "பெண் என்றால்" என்பதற்கு அப்புறம் வரும் வரியை ஸ்கேன் மெஷின் எழுதவில்லை, நாம்தான் எழுதினோம்.

இப்போது பாருங்கள், அந்தச் சட்டத்தை நடைமுறையில் எப்படிச் செயல்படுத்துகிறார்கள்? மெஷினைப் பிடித்துத்தான். ஸ்கேன் சென்டர் பதிவு செய்ய வேண்டும், மெஷின் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும், தப்பு நடந்தால் மெஷினுக்கு சீல் வைப்பார்கள். கைக்கடக்கமான மெஷின்கள் வந்தவுடனேயே இந்த முறை திணற ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்குள் வைத்துப் பாலினம் சொன்ன கும்பல்கள் நம் பகுதியில் கைதான செய்தியைப் பல முறை படித்திருக்கிறோம். தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ மிதக்கிறது என்பது 1997லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத் துளியில் ஒரு குறிப்பிட்ட வரிசை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து நிறம் மாறும் டிஎன்ஏ கருவி மலிவாக வந்துவிட்டால் மெஷினே இருக்காது. ஒரு சின்னக் குழாய், ஒரு காகிதப் பட்டை, முடிந்ததும் குப்பையில் போய்விடும். எதைப் பதிவு செய்வது, எதற்கு சீல் வைப்பது? சட்டத்தின் வாசகம் எல்லா விதப் பரிசோதனையையும் தடுக்கத்தான் செய்கிறது, அதில் குறை இல்லை, ஆனால் சட்டத்தின் கை மெஷினைத் தேடிப் பழகிய கை. டிஎன்ஏ கம்ப்யூட்டிங் பற்றிய அறக் கேள்விகளில் என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

இதற்காக அந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தேரி மலையில் இருக்கிற ஒரு குழந்தைக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, சாம்பிளைக் கீழே அனுப்பி ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், அங்கேயே ஒரு பட்டையில் பார்த்துவிட முடிந்தால் அது பெரிய விஷயம். 2020ல் டெல்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கொரோனாவுக்குச் செய்த 'பெலூடா' பட்டை கிட்டத்தட்ட இந்த வகைதான், குறிப்பிட்ட வரிசை இருந்தால் கோடு தெரியும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்திருக்கிறது, சோதித்தவர்களுக்கு நிற அட்டையும் கொடுக்கிறார்கள். அட்டை எதற்கு என்றால், கேரியராக, அதாவது நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவராக, இருக்கும் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளும் முன் ஆலோசனை பெறட்டும் என்பதற்கு. நோக்கம் நல்லது. ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் அந்த அட்டையை யாரிடம் முதலில் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள், மாப்பிள்ளையிடமா? கேரியர் என்பது நோயாளி இல்லை என்பதை ஊருக்குப் புரியவைக்காமல் அட்டையை மட்டும் கொடுத்தால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நாமே ஒரு நிபந்தனையை எழுதிவிட்டோம் என்று அர்த்தம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, இன்னும் நல்ல விடை எனக்குக் கிடைக்காத முடிச்சு. இப்போது மரபணுவைப் படிக்கும் வழக்கமான முறையில் முழு வரிசையும் ஒரு ஃபைலாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுகிறது. ஃபைல் இருந்தால் கசியும், விற்பார்கள், போலீஸ் கேட்கும். 2023ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனத்திடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025ல் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது, அப்போது அத்தனை பேரின் மரபணு விவரமும் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது. நம் நாட்டில் டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019ல் மக்களவைக்கு வந்து 2023ல் திரும்பப் பெறப்பட்டது. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தரவுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, உங்கள் போன் நம்பருக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும். டிஎன்ஏ கம்ப்யூட்டர் இதற்கு ஒரு வழி தருகிறது. சாம்பிளுக்குள்ளேயே கணக்குப் போட்டு "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைக் கொட்டிவிடலாம், முழு வரிசையை யாரும் படிக்கவே தேவையில்லை. அந்தரங்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

ஆனால் அதே காரணத்தால், விடை தப்பாக இருந்தால் திரும்பிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. "ஏன் ஆம் என்று சொன்னது?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரிகூட இருக்காது. பதிவு இருந்தால் அந்தரங்கம் போகிறது, பதிவு இல்லாவிட்டால் பொறுப்பு போகிறது. எங்கள் லேபில் ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரு பங்கைக் குறிப்பிட்ட காலம் குளிரில் வைத்திருப்போம், மறுபரிசோதனை கேட்டால் எடுப்போம், பிறகு அழித்துவிடுவோம். அந்த மாதிரி ஏதாவது ஒரு நடுவழி இதற்கும் வர வேண்டும், எவ்வளவு காலம், யார் கையில், யார் கேட்டால் திறக்கலாம் என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும், கிட் தயாரிக்கும் கம்பெனி சொல்லக் கூடாது.

உயிரி ஆயுத பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002லேயே தபாலில் வாங்கிய டிஎன்ஏ துண்டுகளை வைத்து போலியோ வைரஸைச் செய்து காட்டிவிட்டார்கள். இழைகளைத் தயாரித்து விற்கும் கம்பெனிகளில் பல, ஆர்டரைப் பரிசோதித்துவிட்டுத்தான் அனுப்புகின்றன. எல்லாக் கம்பெனிக்கும் அது கட்டாயமாக வேண்டும். 2017ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ இழைக்குள் கம்ப்யூட்டர் வைரஸை எழுதி, அதைப் படித்த கம்ப்யூட்டரைக் கைப்பற்றிக் காட்டினார்கள். செய்தியில் அது பயங்கரமாக வந்தது. உண்மையில் ஆராய்ச்சியாளர்களே அந்த மென்பொருளில் ஒரு ஓட்டையை முன்கூட்டியே வைத்திருந்தார்கள், எச்சரிக்கைக்காகச் செய்த வேலை அது.

சொந்தம் யாருடையது என்ற கேள்வி இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ஏடல்மேன் முதல் நாங்கள் வரைக்கும் எல்லோரும் போடும் பிசிஆருக்கு உயிர்நாடி டாக் பாலிமரேஸ் என்ற, சூட்டைத் தாங்கும் நொதி. அது அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் 1960களில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. பிசிஆர் காப்புரிமை 1991ல் 30 கோடி டாலருக்குக் கைமாறியது, பூங்காவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்கு ஒகேனக்கல் பாறையிடுக்கில் இருந்தோ கிருஷ்ணகிரி மாந்தோப்பு மண்ணில் இருந்தோ ஒரு நுண்ணுயிரின் நொதி டிஎன்ஏ கம்ப்யூட்டருக்கு உதவினால்? மண்ணை எடுத்துக்கொண்டு போனால் 2002ன் பல்லுயிர்ச் சட்டம் கேள்வி கேட்கும். எழுத்து வரிசையை மட்டும் ஈமெயிலில் அனுப்பி வேறு நாட்டில் செய்துகொண்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் 2024ல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் ஒரு நிதியம் அமைக்க ஒத்துக்கொண்டார்கள். அதில் கம்பெனிகள் பணம் போடுவது அவரவர் விருப்பம் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நீங்கள் இதை ப்ராஜெக்ட்டாக எடுப்பதாக இருந்தால் ஒரு யோசனை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழு வேண்டும், அதில் மருத்துவர், விஞ்ஞானி தவிர சட்டம் தெரிந்த ஒருவரும் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும், ஒப்புதல் படிவம் சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். 2004ல் ஷபீரோ குழு செய்த அந்தக் கருவி தருமபுரியில் மனிதர்களிடம் சோதனைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டு வகை மூலக்கூறு எந்த விகிதத்தில் போகிறது, அந்த விகிதத்தை யார் முடிவு செய்தார்கள், எத்தனை நல்ல செல் சாகலாம், நடுவில் "எனக்கு வேண்டாம்" என்றால் என்ன செய்வார்கள், சாம்பிள் எத்தனை நாள் இருக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் உங்கள் வீட்டில் அதிகம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள், அவர் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்த வரியிலிருந்து ஆராய்ச்சியை ஆரம்பியுங்கள். மூலக்கட்டுரைகளைப் படிக்கும்போது சந்தேகம் வந்தால் எழுதுங்கள் தம்பி, ஜெல், பிரைமர் சம்பந்தப்பட்டது என்றால் ஓசூர் வந்தாலும் சேர்ந்தே பார்க்கலாம்.